நம்பத்தகுந்தது, போதுமானது

1995

அக்டோபர் 9, திங்கள்

பனகல் பார்க் ஸ்டாப்பில் நாற்பது நிமிஷம் நின்றேன். அடையாறு போகிற பஸ்ஸெல்லாம் என் மூஞ்சியைப் பார்த்ததும் வேகம் எடுக்கின்றன. ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரிக்குள் போனால் டாக்டர் கஸ்தூரிரங்கன் ரவுண்ட்ஸை ஆரம்பித்துவிட்டார். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாத நாளில்தான் பயப்பட வேண்டும் என்று உமர் ஃபாரூக் சொல்வான். இங்கே மருத்துவ உளவியல் இரண்டாம் வருஷப் பயிற்சியில் இருக்கிற இரண்டு ஜீவன்கள் அவனும் நானும்.

பயிற்சி முடிய இன்னும் ஆறு மாசம். பதிவேட்டில் பதினோரு பக்கம் பாக்கி. ஒரு பக்கத்துக்கு ஒரு பேஷண்ட், ஒரு டெஸ்ட், அடியில் கஸ்தூரிரங்கன் சார் கையெழுத்து. அந்தக் கையெழுத்து இல்லையென்றால் எம்.ஃபில். இல்லை. எம்.ஃபில். இல்லையென்றால் நேரே ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் அப்பாவின் பாத்திரக் கடைக் கல்லாதான். அம்மாவுக்கு அதுவும் பிடிக்காது. அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான், அதற்கு ஜாதகம் எடுத்து வைத்திருக்கிறாள்.

இன்றைக்கு ஓ.பி.யில் ஒருத்தர், "நீங்க ஊசி போடற டாக்டரா, பேசற டாக்டரா?" என்று கேட்டார். டாக்டரே இல்லை என்றேன். எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் 12, வியாழன்

புது கேஸ். ஜெயலக்ஷ்மி, வயசு இருபத்திமூன்று. நங்கநல்லூர்ப் பெண். மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்டு எட்டு மாசம். சனிக்கிழமை சேர்த்திருக்கிறார்கள். ஓயாத அழுகை, சாப்பாடு இல்லை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திறக்கவில்லை என்று சீட்டில் இருக்கிறது. கணவர் சாய்நாத்துக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை, ஜனவரியில் கிளம்புகிறார். அவர் வரவில்லை. மாமியார் ஹம்சா மாமி வந்தார். நன்றாகப் பேசுகிறார், கோர்வையாக, தேதி மாறாமல். இவளுக்கு ஒன்றுமே தெரியாது, பத்தாவதே தட்டுத்தடுமாறித்தான், பால் பொங்கி வழிந்தால்கூடப் பார்த்துக்கொண்டு நிற்பாள், பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றார். நான் எழுதிக்கொண்டே போனேன். இரண்டரைப் பக்கம்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி உண்டு. தகவல் தந்தவர் யார், தகவல் எப்படிப்பட்டது என்று. இங்கே எல்லாரும் எல்லா கேஸிலும் ஒன்றேதான் எழுதுவோம்: 'நம்பத்தகுந்தது, போதுமானது.' யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும்.

பிறகு பினே-காமத் அறிவுத்திறன் டெஸ்ட். அந்தப் பெண் ரொம்ப மெதுவாக இருந்தாள். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் மூன்றுக்கு மேல் வரவில்லை. கண் இமை பாதி மூடியே இருந்தது. "கொஞ்சம் ஜலம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். டெஸ்ட் நடக்கும்போது இடையில் எதுவும் தரக்கூடாது என்பது நான் படித்த பாடம். முடியட்டும், தருகிறேன் என்றேன். 'கவனம் சிதறுகிறது; மீண்டும் மீண்டும் தண்ணீர் கேட்கிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

அறிவுத்திறன் எண் 61. சராசரி ஆளுக்கு நூறு.

அக்டோபர் 14, சனி

ரிப்போர்ட் கொடுத்தேன். சார் படித்தார், ஒரு கமா கூட மாற்றவில்லை. "க்ளீன் ரிப்போர்ட்" என்றார், உமர் முன்னால். பதிவேட்டில் பக்கம் 30க்குக் கையெழுத்து. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

அக்டோபர் 21, சனி

தீபாவளிக்கு இரண்டு நாள். கடையில் கால் வைக்க இடமில்லை, நானும் போய் நின்றேன். ஒரு அம்மா போன வாரம் வாங்கிய குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை. அப்பா போர்டைக் காட்டினார்: 'பெயர் வெட்டிய பாத்திரம் வாபஸ் இல்லை.' பேர் வெட்டுகிற சின்னப்பையன் அண்ணன் (பேர்தான் அப்படி, வயசு ஐம்பத்திரண்டு) தலையைத் தூக்காமல் டிக் டிக்கென்று யாரோ கல்யாணப் பெண்ணின் பேரை வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு போட்டோ கொடுத்தாள். மாப்பிள்ளைக்கு சாத்தான்குளத்தில் இரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறதாம். கட்டடத்தின் போட்டோ இல்லையா என்றேன். பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

நவம்பர் 6, திங்கள்

மனசு ஆறவில்லை, எழுதியே ஆகணும்.

மத்தியானம் பெண்கள் வார்டில் டீ. சிஸ்டர் சரோஜாதேவி சும்மா பேச்சுவாக்கில் கேட்டார், அந்த மயிலாப்பூர்ப் பொண்ணுக்கு நீ என்னமோ மார்க் போட்டியாமே என்று. அறுபத்தொன்று என்றேன். சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாமா நீ, சார்ட்டைப் பாக்கலியா? சேத்த நாளா டெய்லி ரெண்டு தூக்க ஊசி போட்டுக்கினு இருந்தோம். நாக்கு வறண்டு போய் அது தண்ணி தண்ணின்னு அல்லாடிச்சி. அன்னிக்கு எயுந்து உக்காந்ததே பெரிசு."

சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து வியாழன் காலை வரை, வேளை தவறாமல். கடைசி ஊசி வியாழன் காலை ஏழரை. நான் டெஸ்ட் ஆரம்பித்தது பத்து மணி.

மருந்து சார்ட்டைப் பார்க்காமல் டெஸ்ட் எடுக்கக்கூடாது. முதல் வருஷம், முதல் வாரம், முதல் பாடம். அதை நான்தான் இப்போது ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏன் பார்க்கவில்லை? மாமியார் சொன்னதெல்லாம் கோர்வையாக இருந்ததால். ஏற்கெனவே முடிவு தெரிந்துவிட்டதால். மக்கு மருமகள் என்று சொன்னார்கள், மக்காகத்தான் இருந்தாள், நம்பர் போட்டேன். யார் மக்கு?

அறுபத்தொன்று அவளுடைய எண் இல்லை. ஊசியின் எண்.

நவம்பர் 7, செவ்வாய்

சாரிடம் போனேன். தப்பு நடந்திருக்கிறது, என் தப்புதான், ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி மறுபடி டெஸ்ட் எடுக்க அனுமதி வேண்டும் என்றேன். ஒப்பித்துக்கொண்டு போயிருந்தேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பேஷண்ட் டிஸ்சார்ஜ் ஆகிப் பிறந்த வீட்டுக்குப் போயாச்சு, ரிப்போர்ட்டைக் கணவர் வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தாச்சு என்றார். எதற்குக் கேட்டார்கள் என்றேன். கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டில் போடப் போகிறார்களாம். புத்தி வளர்ச்சி இல்லாத பெண்ணை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று. அதற்கு ஆதாரம் என் ரிப்போர்ட். என் கையெழுத்து, அதற்கு மேல் அவர் கையெழுத்து.

மருந்தினால் கொஞ்சம் குறைந்திருக்கலாம், அதற்காக அறுபத்தொன்று நூறாகிவிடுமா என்றார். எனக்கும் தெரியாது, எடுத்துப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"நீ டெஸ்ட் எடுக்கிற ஆள். முடிவு சொல்ற ஆள் நான். பதிவேட்டுல உனக்கு இன்னும் எட்டுப் பக்கம் பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இருக்கு சார். எல்லாமே ஞாபகம் இருக்கு.

நவம்பர் 8

மாட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

மழை. நங்கநல்லூர் போனேன். விலாசம் கேஸ் ஷீட்டில் இருந்தது. எடுத்தது சரியா தப்பா என்று பிறகு யோசித்துக்கொள்கிறேன். ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டித் தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவள் அப்பா கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் மனுஷர் முகம் செத்துப்போய்விட்டது. உள்ளே கூப்பிடவில்லை, போகவும் சொல்லவில்லை.

ஜெயலக்ஷ்மியே வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். துண்டு கொடுத்தாள். நான் ஒரு மாசம் முன்னால் பார்த்த பெண் இல்லை. கண் முழுசாகத் திறந்திருந்தது. என்னை யாரென்று தெரிகிறதா என்றேன். "ஸ்டாப்வாட்ச் வச்சிண்டு இருந்தேளே" என்றாள்.

அந்த அறையில் சுவரில் இரண்டு சர்ட்டிபிகேட், கண்ணாடி போட்டு. டைப்ரைட்டிங் இங்கிலீஷ் ஹையர், முதல் வகுப்பு. தமிழ் ஹையர், முதல் வகுப்பு. பக்கத்தில் பி.காம்., தபால் வழி. நான் எழுதி வைத்தது: 'கல்வி: பத்தாம் வகுப்பு, சிரமத்துடன்.' அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிச்சது என்ன, இரண்டே வார்த்தைக் கேள்வி. அவள் எனக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. ஊசி, சார்ட், 61, கோர்ட். கல்யாணமாகி மூன்றாம் மாசத்திலிருந்தே அந்த ஆத்தில் யாரும் அவளோடு பேசுவதில்லையாம். சாய்நாத்துக்கு வேறு யோசனை இருந்திருக்கிறது. பேசாத வீட்டில் அழுதால் பைத்தியம், அழாமல் உட்கார்ந்தால் மக்கு. அவள் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நான் அவள் வாழ்க்கையைக் காப்பாற்ற வந்திருப்பதாக ஒரு எண்ணம் எனக்கு, மறுபடி சேர்த்துவைப்பது பற்றியெல்லாம் ஏதோ ஆரம்பித்தேன். நிறுத்தினாள்.

"எனக்கு அவா யாரும் வேண்டாம். நாளைக்கே தீர்த்துண்டு போகட்டும். ஆனா அந்தப் பேப்பர் என் பேர்ல இருக்கப்படாது."

நவம்பர் 14, செவ்வாய்

அதே டெஸ்டை மறுபடி எடுத்தால் 'ஏற்கெனவே பழகிவிட்டாள்' என்று சார் ஒரே வரியில் தள்ளிவிடுவார். ஆகவே வேறு டெஸ்ட். பாட்டியா பெட்டி: வண்ணக் கட்டைகள், நகர்த்துகிற பலகை, படம் சேர்ப்பது. ஆஸ்பத்திரியில் ஒரே பெட்டிதான். வெளியே எடுத்துப் போக ரிஜிஸ்டரில் எழுதினால் போதும். அனுமதி வாங்குவது வழக்கம், விதியில் இல்லை. விதியை இன்று இரண்டு முறை படித்தேன்.

நவம்பர் 18, சனி

கடைக்கு மேலே குடோனில் வைத்து எடுத்தோம். சுற்றிலும் அடுக்கு, அண்டா, வைக்கோல். ஒரு கவிழ்த்த அண்டா மேல் பலகையைப் போட்டு அதுதான் மேஜை. ஜெயலக்ஷ்மி தன் அப்பாவோடு வந்தாள். அவரைக் கீழே எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்தேன். முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணி, டம்ளர், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில். மருந்து நின்று மூன்று வாரம் ஆச்சா, ராத்திரி தூங்கினாளா, சாப்பிட்டாளா, எல்லாம் கேட்டு எழுதினேன். கல்வி என்ற இடத்தில் அவள் சொன்னதை எழுதினேன்.

பிறகு அவள் கட்டைகளை அடுக்கியதை என்னவென்று சொல்வேன். ஏழாவது படம் வரைக்கும் எனக்கு நேரம் குறிக்கவே அவகாசம் இல்லை. ஒரு இடத்தில் தப்பு செய்து, தானே கண்டுபிடித்து, கலைத்து, மறுபடி அடுக்கினாள். கீழே சின்னப்பையன் அண்ணன் சுத்தியல் சத்தம். அது தொந்தரவாக இருக்கிறதா என்றேன். டைப் இன்ஸ்டிட்யூட்டில் முப்பது மெஷின் ஓடும், இதெல்லாம் ஒரு சத்தமா என்றாள்.

நானே மார்க் போடவில்லை. என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை, ஆசைப்பட்டுக் கூட்டிப் போட்டுவிடுவேன். பேரை மறைத்துவிட்டு விடைத் தாளை உமரிடம் கொடுக்கப் போகிறேன்.

நவம்பர் 20, திங்கள்

உமர் போட்டது 109. யாருடையது என்று தெரியாமல், "யாரு இது, நம்ம டிபார்ட்மெண்ட்ல சேத்துக்கலாம் போலயே" என்றான். சொன்னேன். சிரிப்பு நின்றது. இரண்டு நிமிஷம் கழித்து மார்க் போட்ட தாளில் தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவனுக்கும் ஒன்பது பக்கம் பாக்கி.

சாரிடம் கடிதமாகவே கொடுத்தேன். பேச்சில் கொடுத்தால் பேச்சோடு போய்விடும். என் முதல் ரிப்போர்ட் செல்லாது, காரணம் இன்னது, மறு பரிசோதனை விவரம் இணைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரி தன் பெயரால் அதைத் திரும்பப் பெற வேண்டும். அவர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு முதலில் கேட்டது பெட்டியைப் பற்றி. யாரைக் கேட்டு எடுத்துப் போனாய். ரிஜிஸ்டரில் எழுதி எடுத்தேன் என்றேன். உங்களுக்கெல்லாம் கடை கண்ணி என்று ஒன்று இருக்கிறது, இந்தப் படிப்பு எதற்கு என்றார்.

அதற்குப் பதில் வைத்திருந்தேன். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்: எங்கள் கடையில் எடைக்கல்லை வருஷாவருஷம் முத்திரை வைக்க எடுத்துக்கொண்டு போவோம் சார். உங்கள் எடைக்கல்லை யார் பார்க்கிறது?

நவம்பர் 24, வெள்ளி

பதிவேடு என் மேஜையில். எட்டுப் பக்கம், எட்டும் வெற்று. ஏற்கெனவே போட்ட பக்கம் 30 மட்டும் பளபளவென்று இருக்கிறது.

டிசம்பர் 3, ஞாயிறு

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். இரண்டு வருஷம் பஸ்ஸில் தொங்கி, இப்படி எவளோ ஒருத்திக்காகவா ஏட்டி, என்று. எவளோ ஒருத்தி இல்லம்மா, நான் பண்ணினது என்றேன். அதற்கு அவள் சொன்னாள், தப்பு பண்ணாத டாக்டர் எவன் இருக்கான், எல்லாவனும் மறைச்சிட்டுத்தான் போறான். அது உண்மைதான், அதுதான் எரிகிறது.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து கேட்டார், அந்த ரிப்போர்ட் போன வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பித் தரமாட்டார்களா என்று. தரமாட்டார்கள், அவர்களுக்கு அதுதான் வேண்டும் என்றேன். தப்பு என்று தெரிந்தே வைத்திருக்கிறார்களா என்றார். ஆமாம். கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"வித்த பாத்திரத்துல ஓட்டைன்னு நமக்குத் தெரிஞ்சிட்டுன்னா, நாமதான் போய் எடுத்துட்டு வரணும். அவிய கொண்டு வருவாவன்னு உக்காந்திருக்கப்படாது."

பேர் வெட்டியிருந்தா, என்றேன். போர்டு ஞாபகத்தில்தான் கேட்டேன்.

"வெட்டினது யாரு, நாமதான?"

டிசம்பர் 5

அப்பாவே போட்ட 'வாபஸ் இல்லை' போர்டு. இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. கேட்டால் அது வாடிக்கைக்காரர்களுக்கு என்கிறார்.

1996

ஜனவரி 22, திங்கள்

கோர்ட்டில் போட்டுவிட்டார்கள். ஜெயலக்ஷ்மிக்கு சம்மன் வந்திருக்கிறது. அவள் வக்கீல் மெஹபூப் அலி, நங்கநல்லூரில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. ஆபீஸில் போய்ப் பார்த்தேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, இதைக் கோர்ட்டில் சொன்னால் உங்கள் படிப்பு என்ன ஆகும் என்றார். போய்விட்டது சார் என்றேன். அப்படியானால் சாட்சிப் பட்டியலில் முதல் பெயராகப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். இரண்டு மாசத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 29, வெள்ளி

பயிற்சி முடிந்தது. அதாவது காலம் முடிந்தது. உமருக்கு எல்லாப் பக்கமும் கையெழுத்து. 109 தாளில் அவன் போட்ட கையெழுத்து சாருக்குத் தெரியும், ஆனாலும் விட்டுவிட்டார். ஒருத்தி போதும், பார்த்து மற்றவர்கள் திருந்த. எனக்கு யூனிவர்சிட்டிக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது: 'பரிசோதனைக் கருவியை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது, மேற்பார்வையாளர் சொல் கேளாமை.' இரண்டாவது முழுக்க உண்மை.

சிஸ்டர் சரோஜாதேவி கேட் வரைக்கும் வந்தார். போய்க்கினே இரு, திரும்பிப் பாக்காத என்றார். பார்த்தேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார்ட்டின் நகலை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கோர்ட் கேட்டால் நானே வந்து சொல்வேன், வேலை போனால் போகட்டும், என்ன கொள்ளையா அடித்தேன் என்கிறார்.

ஏப்ரல், மே

கடைக் கல்லா. அம்மாவுக்கு சாத்தான்குளம் போட்டோ மறுபடி கிடைத்துவிட்டது.

ஜூலை 18, வியாழன்

குடும்ப நீதிமன்றம். ஹைகோர்ட் வளாகத்தில் காலை பத்தரையிலிருந்து மரத்தடியில். ஹம்சா மாமி எதிர் பெஞ்சில், என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, பழகின ஆள் மாதிரி. சாய்நாத்தை முதல் தடவை பார்த்தேன். ஒல்லி, கண்ணாடி, நகத்தைக் கடித்துக்கொண்டு. அமெரிக்காவிலிருந்து இதற்காக வந்திருக்கிறார். வில்லன் மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தேன். தைரியமில்லாத ஒரு ஆள், அவ்வளவுதான். அந்தத் தைரியமின்மைக்கு என் ரிப்போர்ட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்.

கூண்டில் ஏறினேன். மெஹபூப் அலி கேட்டதெல்லாம் தெரிந்ததுதான். பிறகு அவர்கள் வக்கீல். ரிப்போர்ட்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா. ஆமாம். தகவல் நம்பத்தகுந்தது, போதுமானது என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது பொய் எழுதினீர்களா, இல்லை இப்போது பொய் சொல்கிறீர்களா. சிரித்துக்கொண்டே கேட்டார், பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பொய் இல்லை, கேட்காமல் எழுதினது என்றேன். அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்காமல், அவர் மாமியார் சொன்னதை வைத்து எழுதினேன். கேட்காமல் எழுதுவது உங்கள் வழக்கமா என்றார். ஆமாம், அன்று வரைக்கும் வழக்கம் என்றேன். ஊசிச் சார்ட்டையும் பார்க்கவில்லை. மார்க் போட்டது நான், தப்பு என்னுடையது, அந்தப் பேப்பரில் இருக்கிற குறை அவருடையது இல்லை, என்னுடையது. அந்த 61-ஐ வேண்டுமானால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னபோது மட்டும் குரல் ஏறிவிட்டது.

நீதிபதி அம்மா அதுவரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தவர், பேனாவை வைத்துவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றார்.

"மீண்டும் மீண்டும் தண்ணீர் கேட்கிறார்னு எழுதியிருக்கீங்க. கொடுத்தீங்களா?"

டெஸ்ட் முடிந்தபிறகு கொடுத்தேன் என்றேன்.

"எவ்வளவு நேரம் கழிச்சு?"

ஒரு மணி இருபது நிமிஷம். நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டாப்வாட்ச் என் கையில்தானே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இறங்கினேன். ஜெயலக்ஷ்மியைப் பார்க்க முடியவில்லை. நீ என்ன பெரிய வீரமா பண்ணிட்ட இசக்கி? தண்ணி கேட்ட பொண்ணுக்குத் தண்ணி கொடுக்கல. அதுக்கு இத்தனை படிப்பு.

வெளியே வந்ததும் அவள்தான் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மனு போன மாசமே தள்ளுபடி. என் முதல் ரிப்போர்ட்டை ஆதாரமாக ஏற்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள், காரணத்தோடு. மெஹபூப் அலி நகல் எடுத்துக் கொடுத்தார். ஜெயலக்ஷ்மி மறு வாரமே விவாகரத்துக்கு அவளாகவே மனுப் போட்டாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதப் போகிறாய் என்றேன். நடந்ததை, என்றாள்.

எனக்குப் பெங்களூரில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் வருஷத்திலிருந்து, முதல் பக்கத்திலிருந்து. நேர்முகத்தில் முந்தைய பயிற்சி ஏன் முடியவில்லை என்று கேட்டார்கள். தீர்ப்பின் நகலைக் கொடுத்தேன். இருபது நிமிஷம் வெளியே உட்காரவைத்தார்கள், பிறகு எப்போது வந்து சேரமுடியும் என்றார்கள்.

அம்மா சாத்தான்குளம் போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கட்டடம் நல்ல கட்டடம், என்றாள் கடைசியாக.

1997

ஜூன் 2, திங்கள், பெங்களூர்

பதிவேடு: பக்கம் 30. மறுபடியும் 30. இந்தத் தடவை சார்ட் முதலில், பெட்டி பிறகு.

1998

நவம்பர் 8, ஞாயிறு

குடோனைக் காலி பண்ணிக் கொடுத்துவிட்டார் அப்பா. வெள்ளையடித்து, ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு ஃபேன். படிக்கட்டில் இன்னும் வைக்கோல் வாசனை. போர்டில் பேருக்குப் பின்னால் எம்.ஃபில். போடச் சொல்லி அம்மாவே நின்று எழுதவைத்தாள். சின்னப்பையன் அண்ணன் மேஜைக்கு ஒரு சொம்பும் டம்ளரும் கொண்டுவந்து, என்ன பேர் வெட்ட என்றார். யார் பேரும் வேண்டாம், வருகிறவர்களுக்கு என்றேன்.

கேஸ் ஷீட் அச்சடிக்கணும். ஜெயலக்ஷ்மி இப்போது மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்தில் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறாள், அவள் பேரில். பழைய படிவம் ஒன்றைக் கொடுத்து ஸ்டென்சில் அடித்துத் தரச் சொல்லியிருந்தேன். இன்று கொண்டுவந்தாள், ஒரு கட்டு. அவள் போனபிறகு பார்க்கிறேன்: முதல் பக்கத்தில் தகவல் தந்தவர் வரி இல்லை. அந்த இடத்தில் 'இவர் சொன்னது' என்று அடித்து, கீழே ஆறு வரி வெற்றாக விட்டிருக்கிறாள். மாமியார், மாமனார், அண்ணன் தம்பி சொன்னதெல்லாம் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

பழைய படிவத்தை நான் ஒரு வரி படித்துப் பார்க்காமல்தான் அவளிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று வருஷம் கழித்தும் கை அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 9, திங்கள்

முதல் ஆள். ஐம்பது வயசுக்காரர், ஜவுளிக் கடைக் கணக்கர். கூட மனைவி, மச்சினன், மச்சினன் மனைவி. மூன்று பேரும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள், அவர் நின்றுகொண்டிருந்தார். மச்சினன்தான் ஆரம்பித்தார், இவருக்கு ஆறு மாசமா புத்தி சரியில்லீங்க, நான் தேதிவாரியா எழுதியே கொண்டாந்திருக்கேன் என்று. கோர்வையாக இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாரும் கீழே கடையில் உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றேன். கோபம். எங்களை விட்டுவிட்டு இவரைக் கேட்டு என்ன எழுதப் போகிறீர்கள் என்றார் மச்சினன். அப்பா படிக்கட்டடியில் நின்று எல்லாருக்கும் காப்பி சொல்லி இறக்கிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தினேன். அவரை உட்காரச் சொன்னேன். மேஜையைப் பார்த்தபடியே சொன்னார். எழுதினேன்.

இவர் சொன்னது: "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைங்கம்மா. குளிருது."

எழுந்து போய்க் குறைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, அப்புறம் சொல்லுங்க என்றேன்.